கம்பி எட்டாத வாடிக்குக் கெமரா

அக்கரைப்பற்றிலிருந்து மேற்கே எந்தப் பாதையில் போனாலும் சிறிது தூரத்தில் வீடுகள் முடிந்து வட்டை தொடங்கிவிடும். வீடுகளுக்கு இணையம் கொண்டுவரும் கம்பியும் அத்தோடு நின்றுவிடும். களவு போகக்கூடிய சாமான்களோ அதற்கும் அப்பால்தான் கிடக்கின்றன. வாடியில் வாட்டர் பம்ப், டீசல் கேன், மருந்தடிக்கிற மெஷின், உர மூட்டை, அறுவடை நாட்களில் லொறி வரும்வரை அடுக்கிவைத்த நெல் மூட்டை, பட்டியில் மாடு, ஊருக்கு வெளியே கொட்டில் போட்டு வளர்க்கிற கோழி. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்க நெருங்க மாட்டு விலை ஏறும், பட்டிக்காரருக்கு நித்திரை குறையும். முன்பு வாடியில் காவலுக்கு ஆள் படுத்திருப்பார். இன்று அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் யானைப் பயத்தில் இருட்டும் முன்பே ஊர் திரும்பிவிடுகிறார்.

ஆகவே கெமரா. பஸாரில் கடைக்குக் கடை பூட்டியிருக்கும் கெமராக்களைப் பார்த்துவிட்டு, அதையே வாடியிலும் பூட்டினால் என்ன என்று கேட்கிறவர்கள் பலர். பூட்டலாம். ஆனால் பஸார்க் கெமராவுக்குப் பின்னால் நாள் முழுக்க மின்சாரமும் அளவில்லாத இணையமும் இருக்கின்றன. வட்டையில் இரண்டும் இல்லை. அங்கே பூட்டுகிற கெமராவின் தரம், அது எவ்வளவு காட்டுகிறது என்பதை விட எவ்வளவு குறைவாக அனுப்பி வேலையை முடிக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கும். ஆள் முகம் ஓரளவு தெரிகிற காணொளிக்கு, எச்.265 என்ற புதிய சுருக்கும் முறையில் போனாலும், விநாடிக்கு சுமார் 1 மெகாபிட் வேண்டும். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் நாளுக்கு 10.8 கிகாபைட், மாதத்துக்கு 324 கிகாபைட். சிம் போட்ட கெமராவுக்கு இந்த அளவில் ரீலோட் போட்டால் களவு போகிற பம்பின் விலையை டேட்டாவுக்கே கொடுத்துவிடுவோம். இனி மறுபக்கம் பாருங்கள். அசைவு தெரிந்தால் மட்டும் 15 விநாடி அனுப்பு என்று சொல்லிவைத்து, ஓரிரவில் 20 தடவை அசைவு வந்தாலும் மொத்தம் 300 விநாடி, அதாவது 37.5 மெகாபைட். மாதம் முழுக்கப் பார்த்தாலும் சுமார் 1.1 கிகாபைட்தான். அதே கெமரா, அதே படம், செலவில் ஏறத்தாழ முந்நூறு மடங்கு வித்தியாசம்.

மீதிப் படம் எங்கே போகும்? கெமராவுக்குள்ளேயே இருக்கட்டும். 128 கிகாபைட் மெமரி கார்ட் ஒன்று, மேலே சொன்ன அளவில் 11 நாள் வரை தொடர்ந்து பதிந்து, பிறகு பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே போகும். கைத்தொலைபேசிக்கு வாங்குகிற மலிவுக் கார்டைப் போட்டால் இந்த இடைவிடாத எழுத்தைத் தாங்காது. கெமராவுக்கென்றே விற்கிற கார்டைக் கேட்டு வாங்குங்கள். கள்ளன் கெமராவையே கழற்றிக்கொண்டு போனால் கார்டும் அவனோடு போய்விடும் என்பது உண்மைதான். அவன் ஏணி தேடுவதற்கு முன்பே அந்த 15 விநாடி உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும்.

அசைவைக் கெமரா எப்படி அறிகிறது என்பதில் ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பக்கத்தில் ஜோர்ஜ் ஷிராஸ் என்பவர் இரவுக் காட்டில் மான் நடக்கிற வழியில் கயிறு கட்டிவைத்தார். மானின் கால் கயிற்றில் பட்டதும் வெளிச்ச மருந்து வெடித்துக் கெமரா படம் பிடித்தது. அப்படி எடுத்த படங்களை 1906 ஜூலையில் நேஷனல் ஜியோகிரபிக் வெளியிட்டது. இன்று அந்தக் கயிற்றின் இடத்தில் இருப்பது வெப்பம் உணரும் சிறு சில்லு. மனித உடம்பு எந்நேரமும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை, சுமார் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில், வெளிவிட்டுக்கொண்டிருக்கிறது. கெமராவின் கீழே பால் நிறத்தில் குமிழ் மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் வில்லை, எதிரே உள்ள இடத்தைப் பல கீலங்களாகப் பிரித்து அந்தச் சில்லின் மேல் விழவைக்கிறது. சூடான உடம்பு ஒரு கீலத்திலிருந்து அடுத்ததற்குக் கடக்கும்போது சில்லில் மின்னழுத்தம் மாறும், தூங்குகிற கெமரா விழிக்கும்.

இதை விளங்கிக்கொண்டால் எங்கே பூட்டுவது என்பது பாதி முடிந்த மாதிரி. ஆள் கெமராவுக்குக் குறுக்கே நடந்தால் கீலங்களைக் கடக்கிறார், உடனே பிடிபடுவார். நேரே கெமராவை நோக்கி நடந்து வந்தால் வெகுநேரம் ஒரே கீலத்துக்குள் நிற்பார், தாமதமாகத்தான் தெரியும். அதனால் பாதையைப் பார்த்தபடி வைக்காமல், பாதைக்குப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். சிறுபோகத்து மத்தியானத்தில் சுற்றியுள்ள மண்ணும் தகரமும் உடம்பளவு சூடாகிவிடுவதால் சில்லுக்கு ஆளையும் சுவரையும் பிரித்தறிவது கஷ்டம். இரவில் அந்தச் சிக்கல் இல்லை, நமக்கு வேண்டியதும் இரவுதான்.

மாட்டுப் பட்டிக்குள் கெமராவைத் திருப்பி வைப்பது வீண் வேலை. மாடு அசையும் ஒவ்வொரு தடவையும் கைத்தொலைபேசி சத்தமிடும். மூன்றாம் நாள் நீங்களே சத்தத்தை நிறுத்திவிடுவீர்கள். நான் பார்த்த இடங்களில் கெமரா பயன்படாமல் போனதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பழுதானதால் அல்ல, ஓயாமல் கூப்பிட்டு நம்பிக்கை கெட்டதால். கெமரா படலையைப் பார்க்கட்டும். மாடு தானாகப் படலை திறக்காது. ஆளையும் மிருகத்தையும் பிரித்தறிகிற மென்பொருள் உள்ள கெமராக்கள் இப்போது சாதாரண விலைக்கே வருகின்றன. அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது நட்டமில்லை.

அடுத்தது மின்சாரம். இங்கே இரண்டு வகைக் கெமராக்களைக் கடைக்காரர் ஒரே பெயரில் விற்பார்: சோலார் சிம் கெமரா. ஒன்று, நாள் முழுக்கத் தூங்கி, அசைவு வந்தால் மட்டும் எழும்புவது. அதனோடு வருகிற சிறிய சோலார் தகடே அதற்குப் பெரும்பாலும் போதும். எழும்ப ஒன்றிரண்டு விநாடி எடுக்கும், வேகமாகக் கடப்பவரின் முதுகைத்தான் பிடிக்கும். மற்றது, இரவு பகல் விழித்திருந்து கார்டில் தொடர்ந்து பதிவது. அது சுமார் 5 வாட் எடுக்கிறதென்றால் நாளுக்கு 120 வாட்மணி.

நல்ல வெயிலில் 60 வாட் தகடு நாளுக்கு 5 மணிநேரம் முழுப் பலத்தோடு வேலைசெய்து 300 வாட்மணி தரும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை நம் கரையில் கொட்டுகிற நாட்களில் 2 மணிநேர வெயிலுக்குச் சமமான வெளிச்சம் கிடைத்தாலே பெரிது. அப்போது அதே தகடு 120 வாட்மணிதான் தரும், வயரிலும் பெட்டரியிலும் வீணாவதைக் கழித்தால் கெமராவுக்குப் போதாது. பெரும்போகத்துக்குள் கெமரா அணையாமல் இருக்க 100 வாட் தகடும், வெயிலே காணாத மூன்று நாளைத் தாங்குகிற பெட்டரியும் வேண்டும். லித்தியம் இரும்பு பொஸ்பேட் வகையில் 12 வோல்ட் 30 அம்பியர்மணி இதற்குப் பொருந்தும். ஈய அமிலப் பெட்டரியை அரைவாசிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் சாகும் என்பதால் அதில் இரட்டிப்பு அளவு வாங்க வேண்டும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகையில். தகட்டைத் தெற்குப் பார்த்து, மழைத் தண்ணீர் வழிந்து தானாகக் கழுவும் அளவுக்கு, 10 பாகை சரித்தால் போதும். பெட்டரியை வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். மாரியில் வட்டை எப்படி மாறும் என்று கமக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவும் பூட்டி முடித்த பிறகு வாடியில் கள்ளனுக்கு மிகப் பிரியமான சாமான் அந்தத் தகடும் பெட்டரியும்தான். அவற்றையும் பார்க்கும்படி கெமராவைத் திருப்ப மறக்காதீர்கள்.

இனி இணையம். கைத்தொலைபேசியில் நாம் கவனிப்பது இறக்கும் வேகத்தை. கெமராவுக்கு வேண்டியது ஏற்றும் வேகம், படம் போகிற திசை அதுதான். பகலில் நன்றாக ஓடுகிற சிக்னல், ஊரெல்லாம் தொலைபேசியில் இருக்கும் இரவு ஒன்பது மணிக்கு மந்தமாகிவிடும். டயலொக், மொபிடெல், ஹட்ச் மூன்றிலும் எது அந்த வட்டையில் எடுக்கிறதோ அந்த சிம்தான் நல்ல சிம், விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. தகரக் கொட்டிலுக்குள் ரவுட்டரை வைத்தால் தகரம் அலையை மறைத்துவிடும், வெளியே கம்பத்தில் அன்டெனாவை உயர்த்தினால் ஒரு கோடு சிக்னல் மூன்று கோடாவது உண்டு. வெளிநாட்டிலிருந்து யாராவது கெமரா கொண்டுவருகிறேன் என்றால், 1800 மெகாஹெர்ட்ஸ் 4ஜி அதில் உண்டா என்று முதலில் கேளுங்கள். அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த பலவற்றில் அது இருப்பதில்லை.

சிம் இணையத்தில் இன்னொரு மறைவான சங்கதி உண்டு. வெளியிலிருந்து நேரே தேடிப் போகக்கூடிய தனி இணைய முகவரி சிம்முக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஒரே தெருவாசலுக்குப் பின்னால் பல குடித்தனம் இருக்கிற வளவைப் போல, ஆயிரக்கணக்கான தொலைபேசிகள் ஒரு முகவரியின் பின்னால் இருக்கின்றன. வெளியே இருந்து கூப்பிட்டால் யாரைக் கூப்பிட்டது என்று தெரியாது. அதனால் கெமராவே முந்திக்கொண்டு, தயாரித்த கம்பனியின் சேவர் ஒன்றோடு இணைப்பைத் திறந்து வைத்திருக்கிறது. நம் தொலைபேசியும் அந்த சேவரிடம் போய்க் கெமராவைச் சந்திக்கிறது. வசதிதான். ஆனால் பெயர் தெரியாத கம்பனி நாளைக்கு அந்தச் சேவையை நிறுத்தினால் கெமரா வெறும் பெட்டி. கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டாலோ வேறு ஆபத்து. 2016 ஒக்டோபர் 21இல் டுவிட்டர் உட்பட பெரிய தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் முடங்கின. தாக்கியது மிராய் என்ற நச்சு நிரல். அது பிடித்து வைத்திருந்த படையில் பெரும்பங்கு, தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லோடு அப்படியே விடப்பட்ட கெமராக்களும் பதிவுப் பெட்டிகளும் ரவுட்டர்களும்.

உங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து வாடி கண்ணுக்குத் தெரிகிற தூரம் என்றால் சிம்மே தேவையில்லை. இரண்டு பக்கமும் 5 கிகாஹெர்ட்ஸ் அன்டெனாவை ஒன்றையொன்று பார்த்தபடி பூட்டி, வீட்டு இணையத்தைக் காற்றுவழியே கொண்டுபோகலாம். கல்லோயாத் தண்ணீர் பாய்கிற நம் தட்டை வயல் இதற்கென்றே செய்தது மாதிரி. ஆனால் நேர்கோடு தெரிந்தால் மட்டும் போதாது. 2 கிலோமீட்டர் இடைவெளியில் அலை நடுவழியில் சுமார் 5 மீட்டர் ஆரத்துக்கு விரிந்து போகும். அந்த விரிவுக்குள் தென்னை தலையை நீட்டினால் இணைப்புத் தடுமாறும். இன்றைக்கு இருக்கிற தென்னையை அல்ல, ஐந்து வருடத்தில் வளரப்போகிற தென்னையை நினைத்துக் கம்பத்தின் உயரத்தைத் தீர்மானியுங்கள்.

2025 ஜூலையில் செய்மதிவழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்ததும் அதைப் போடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. அதன் சிறிய வகைகூட சராசரியாக 25 வாட்டுக்குக் குறையாமல் எடுக்கும். கெமரா தின்பதைப் போல ஐந்து மடங்கு, அதற்கேற்ற தகடும் பெட்டரியும் வேறு. பெரிய பண்ணைக்குச் சரி, ஒரு வாடிக்கு அது மிகை.

யானைக்கும் இதே கெமரா உதவுமா? உதவாது என்பதே என் முடிவு. இரவில் 10, 15 மீட்டருக்குள் வந்த பிறகு யானையைக் காட்டி என்ன பயன்? கோயம்புத்தூர் மதுக்கரையில் தண்டவாளத்தில் யானை அடிபடாமல் இருக்க 2024 பெப்ரவரியில் தமிழ்நாட்டு வனத்துறை தொடங்கிய ஏற்பாட்டில் 12 கோபுரங்களில் 24 கெமராக்கள், வெப்பக் கெமரா உட்பட. செலவு இந்திய ரூபாவில் 7 கோடிக்கு மேல். அது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. ஆனால் ஆனைமலைத் தொடரில் உள்ள வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமார் குழு 2011 முதல் நடத்திய முறையில் காணொளியே இல்லை. யானை எங்கே நிற்கிறது என்று சாதாரண எஸ்எம்எஸ், தொலைபேசியால் எரியவைக்கிற சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். அதற்காக அவருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. சில பைட்டுகள் ஆள் உயிரைக் காத்தன.

பூட்டிய பிறகு செய்ய வேண்டியவை சிறு வேலைகள். இரவில் கெமராவைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வில்லைக்கு முன்னால் வலை கட்டும். ஒவ்வொரு வலையும் ஓர் அலாரம். தகட்டில் காகம் எச்சமிடும். கடலுக்கு அண்மித்த வட்டைகளில் உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும். வட்டைக்குப் போகும்போது ஒரு துணி கொண்டுபோனால் போதும். வாய்க்காலில் பெண்கள் குளிக்கிற பக்கமும் அடுத்தவர் வாடியும் படத்துக்குள் விழாமல் பாருங்கள். அலாரம் வந்தால் தனியே ஓடாதீர்கள். பக்கத்து வயல்காரர் இரண்டு பேரின் தொலைபேசியிலும் அதே செயலியைப் போட்டு வையுங்கள், பொலிஸ் நிலைய எண்ணையும் கையில் வைத்திருங்கள்.

காசு கொடுக்கும் முன் ஒரு வேலை. ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு, துணைக்கு ஓர் ஆளோடு வாடிக்குப் போய், 15 விநாடி வீடியோ எடுத்து வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் போய்ச் சேராவிட்டால் விலை கூடிய கெமராவைத் தேடாதீர்கள். வேறு சிம்மைத் தேடுங்கள்.