நாய்களுக்கு உண்டாகும் நீரிழிவும் மனச்சோர்வும்

செம்பரம்பாக்கம் ஏரியை அடுத்த கிராமங்களில் களத்துமேட்டிற்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் காவலாக நாய் வளர்ப்பது நெடுநாளைய வழக்கம். மாட்டிற்கு நோய் கண்டால் அன்றே வைத்தியரை நாடும் குடியானவர், நாய் சுருண்டு படுத்தால் "ஏக்கம் பிடித்துவிட்டது" என்று சொல்லி விட்டுவிடுகின்றனர். அந்த ஒரு சொல்லால், பிழைக்கக்கூடிய பிராணி மடிந்து போவதுண்டு.

ஏக்கம் என்பது பொய்யன்று. எஜமானர் மரித்தாலும், உடன் வளர்ந்த நாய் இறந்தாலும், சில நாய்கள் உணவில் விருப்பமின்றி வாயிலை நோக்கிப் படுத்திருக்கும். வேளை தவறாது உணவிட்டு, தனியே கட்டிவைக்காமல் உடன் அழைத்துச் சென்று வந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தெளிந்துவிடும். ஆனால் ஏக்கமுற்ற நாய் தண்ணீர்த் தொட்டியை ஓயாமல் தேடாது. பேதம் இங்கேதான் இருக்கிறது.

நீரிழிவு கண்ட நாய் மிகுதியாக நீர் பருகும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். நன்றாகத் தின்றும் இளைக்கும். சிறுநீர் பட்ட இடத்தில் எறும்பு மொய்ப்பதுண்டு. நாளடைவில் கண்ணில் புரை படரும். நடுவயது கடந்த நாய்களுக்கும், அவற்றுள்ளும் கருப்பை அகற்றப்படாத பெட்டைகளுக்கும் இது அதிகம். கவனியாது விட்டால் இரத்தத்தில் நச்சமிலம் சேர்ந்து, நாய் உணவை வெறுத்து, வாந்தியெடுத்துச் சோர்ந்து விழும். ஏக்கமென்று தவறாகக் கருதப்படுவது பெரும்பாலும் இந்த நிலையே. அப்பொழுது ஒரு நாள் தாமதமும் ஆபத்தாகும்.

கணையத்தில் சுரக்கும் இன்சுலின் குன்றுவதே காரணம். இவ்வுண்மை உலகிற்கு விளங்கியதும் நாயின் மூலமாகத்தான். 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மெரிங், மின்கோவ்ஸ்கி என்போர் நாயின் கணையத்தை அகற்ற, அதற்கு நீரிழிவு கண்டது. 1921-ல் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் கணையச் சாற்றைச் செலுத்தி, அவ்வாறு நோயுற்ற நாய்களின் இரத்தச் சர்க்கரையைத் தணித்தனர். மறு ஆண்டே அம்மருந்து மனிதருக்கு வழங்கலாயிற்று. நாய்க்கு நாம் பட்டுள்ள கடன் சிறிதன்று.

சிகிச்சை, வைத்தியர் குறித்த அளவில், பெரும்பாலும் இருவேளை உணவையொட்டித் தோலின் கீழ் இடும் இன்சுலின் ஊசியே. மனிதர் உட்கொள்ளும் நீரிழிவு மாத்திரைகள் நாய்க்குப் பயன்படா. உணவு நாள்தோறும் ஒரே அளவாய் இருத்தல் வேண்டும். விருந்தில் மிஞ்சிய பாயசத்தை ஊற்றும் பிரியம் இங்கே உதவாது. நாய் உண்ணாத வேளையில் வைத்தியரைக் கேளாமல் ஊசி போடலாகாது. மருந்து மிஞ்சித் தள்ளாடினால், சர்க்கரைப் பாகை ஈறுகளில் தடவி உடனே வைத்தியரிடம் எடுத்துச் செல்க.

1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே செல்லலாம். கிராம அலுவலர்கள் கால்நடை முகாமை அறிவிக்கையில் நாய்களையும் கொண்டுவரச் சொல்வது நலம். வருவோர் அன்று காலையில் பிடித்த சிறுநீரைக் கழுவி உலர்த்திய சீசாவில் கொணர்ந்தால் பரிசோதனை எளிதாகும்.