மீன் திரும்பும், பவளம் திரும்புமா?

நூறு வயதைத் தாண்டியும் வாழும் மீன் ஒன்று உண்டு என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். ஆயினும் அதுதான் உண்மை. அதன் பெயர் ஆரஞ்ச் ரஃபி. ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து நாடுகளை அடுத்த ஆழ்கடலில், சூரிய வெளிச்சம் எட்டாத இருளில் அது வாழ்கிறது. முட்டையிடும் பருவத்தை அடையவே அதற்குச் சுமார் 30 ஆண்டுகள் பிடிக்கின்றன!

இம்மீன்கள் முட்டையிடுவதற்காகக் கடலடி மலைகளைச் சுற்றிக் கூட்டங்கூட்டமாகத் திரளும். இதைக் கண்டுகொண்ட இழுவலைக் கப்பல்கள், 1980-களின் இறுதியில் டாஸ்மேனியா தீவை அடுத்த மலைகளை முற்றுகையிட்டன. ஒரு நூற்றாண்டுச் செல்வம் சில ஆண்டுகளில் கரைந்தது. 2006-ல் ஆஸ்திரேலிய அரசு இம்மீனைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. மீன்பிடிப்பு பெரும்பாலும் நின்றது. பொறுமை வீண் போகவில்லை. 2015-ல், கிழக்குக் கடற்பகுதியில் குறைந்த அளவு பிடிக்க மீண்டும் அனுமதி கிடைத்தது.

வீட்டின் கதை

மீனின் கதை இது. மலையின் கதை வேறு.

அம்மலைகளின் மேல் குளிர்நீர்ப் பவளம் புதர்போல் மண்டியிருந்தது. எண்ணற்ற சிற்றுயிர்களுக்கு அதுவே வீடு. கனத்த இழுவலை தரையோடு உரசிச் சென்றால் அது நொறுங்கிவிடும். இப்பவளம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளரக்கூடியது. ஒரு விரல் நீளம் வளர, ஒரு மனிதனின் ஆயுட்காலம் வேண்டும்! வலையிழுப்பு நின்று சுமார் பத்தாண்டுகள் கழித்து, விஞ்ஞானிகள் காமிராக்களை இறக்கிப் பார்த்தனர். பவளம் மீண்டு வருவதற்குத் தெளிவான அறிகுறி எதுவும் தென்படவில்லை.

சட்டம் போதுமா?

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பெருங்கடலில் இத்தகைய இடங்களைக் காக்குமாறு ஐ.நா. பொதுச்சபை 2006-ல் உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. வலையில் குறிப்பிட்ட எடைக்கு மேல் பவளம் ஏறினால், கப்பல் மீன்பிடிப்பை நிறுத்திவிட்டு அவ்விடத்தை விட்டு விலக வேண்டும் என்ற விதி அதன்பின் பல கடல்களில் வந்தது. நல்ல விதிதான். ஆனால் பவளம் வலையில் ஏறும்போதே உடைந்துவிட்டது அன்றோ? உடைந்ததில் பெரும்பகுதி கண்ணில் படாமல் கடலடியிலேயே தங்கிவிடுகிறது.

ஆகவே, முன்கூட்டியே வேலி கட்டுவதுதான் வழி. டாஸ்மேனியாவுக்குத் தெற்கே சில மலைகளைச் சுற்றி 1999-ல் காப்பகம் அமைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல், தன் கடல்களில் 800 மீட்டருக்குக் கீழே கடலடி இழுவலையைத் தடை செய்தது.

மீனவனுக்குப் பிழைப்பு வேண்டும். அதை எவரும் மறுக்கவில்லை. மீனுக்கு அளவு வைத்தால், அது காலப்போக்கில் பெருகி அவனிடமே திரும்பும். பவளத்துக்கு அளவு உதவாது, வேலி வேண்டும். அதையும் வலை விழுமுன் கட்டிவிட வேண்டும்.