ஆடு கொடுத்தால் போதாது, வாரா வாரம் ஆள் வர வேண்டும்

‘அதீத வறுமை இல்லாத மாநிலம்’ என்று 2025 நவம்பர் 1 அன்று கேரளம் அறிவித்ததிலிருந்து வாசகர் கடிதங்களில் ஒரே கேள்விதான்: நம் ஊரில் எப்போது? கூடவே ஒரு குழப்பமும் வருகிறது. “தாயுமானவர் திட்டத்தில் எங்கள் அம்மாவுக்கு ரேஷன் வீட்டுக்கே வருகிறது. அப்படியானால் அந்த 5 லட்சம் குடும்பங்களில் நாங்களும் சேர்த்தியா?”

இல்லை. 2024 பிப்ரவரி 19 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் வந்த தாயுமானவர் திட்டம், 5 லட்சம் மிக ஏழைக் குடும்பங்களை இரண்டு ஆண்டுகளில் வறுமையிலிருந்து மீட்பதாகச் சொன்னது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது. இரண்டாவது நல்ல காரியம்தான். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால், முதல் வாக்குறுதி என்ன ஆயிற்று என்ற கேள்வி மங்கிப்போகிறது. அதன் கெடு 2026 பிப்ரவரி.

தமிழ்நாட்டில் வறுமை 2.2 விழுக்காடுதான் என்கிறார்களே? அது நிதி ஆயோக்கின் பன்முக வறுமைக் கணக்கு. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பை வைத்துப் போட்டது. வீட்டில் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று அது பார்க்கும். அந்தக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்க்காது.

ஆகவே எத்தனை பேர் என்பதை விட, ஒரு குடும்பம் எப்படி மேலே வருகிறது என்பதைத்தான் நாம் பேச வேண்டும். கணவர் இல்லாத ஒரு தாய், இரண்டு பிள்ளைகள், கூலி வேலை. அரசு ஆடு கொடுக்கிறது. அடுத்த மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆடு சந்தைக்குப் போய்விடும். அதைப் பொறுப்பின்மை என்று அதிகாரிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். விற்க வேறு எதுவும் இல்லாதவர் பிள்ளையைக் காப்பாற்ற வேறு என்ன செய்வார்?

பீகார் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. 2016 ஏப்ரலில் அங்கே பூரண மதுவிலக்கு வந்தது. சாராயம் காய்ச்சியும் கள் விற்றும் பிழைத்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அவர்களையும் மற்ற மிக ஏழைகளையும் மனத்தில் வைத்து 2018இல் ‘சதத் ஜீவிகோபார்ஜன் யோஜனா’ தொடங்கியது. யாருக்கு உதவி என்பதை ‘ஜீவிகா’ மகளிர் குழுக்களின் கிராம அமைப்பே முடிவுசெய்கிறது. வாராந்திரச் சேமிப்பைக் கட்ட முடியாததால் எந்தக் குழுவிலும் சேராதிருந்த பெண்ணை, அதே ஊர்ப் பெண்கள் தேடிப் போகிறார்கள். பணத்தை அவர் கையில் திணித்துவிட்டு நகர்வதில்லை. குழுப் பெண்கள் கூடவே போய் ஆடோ, பெட்டிக்கடைக்குச் சரக்கோ வாங்கித் தருகிறார்கள். அதோடு முதல் ஏழு மாதங்களுக்கு மாதம் 1,000 ரூபாய், வீட்டுச் செலவுக்கு. அந்த ஆயிரம்தான் ஆட்டைச் சுற்றிய வேலி.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, வாரந்தோறும் வீட்டுக்கு வரும் வழித்துணையாளர். அக்கம்பக்கத்து ஊர்க்காரர், முப்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அவர் பொறுப்பில். எழுதத் தெரியாத தாய்க்குக் கடைக் கணக்கை எழுதித் தருவார். கந்துவட்டிக்காரரிடம் போகுமுன் குழுவில் கேட்கச் சொல்வார். ரேஷன் அட்டைக்கு மனு, சின்னவள் பள்ளிக்கூடம் போனாளா என்ற விசாரிப்பு, விற்காத சரக்கைப் பற்றிய பேச்சு எல்லாம் அந்த ஒரு வருகையில் நடக்கும்.

இந்த முறையை 2002இல் வங்கதேசத்தில் பிராக் அமைப்பு தொடங்கியது. மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்தில் இதே முறையில் உதவி பெற்ற குடும்பங்களை பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சகாக்களும் தொடர்ந்து கவனித்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்தும் வருமானத்திலும் சாப்பாட்டிலும் அந்தக் குடும்பங்கள் மேலே இருந்தன. கானாவில் இதே முறையைச் சோதித்தபோது ஒரு பகுதியினருக்கு வெறும் ஆடுகள் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் நிலைக்கவில்லை. ஹோண்டுராஸில் கொடுத்த கோழிகள் நோயில் செத்தன. அங்கே திட்டமே எடுபடவில்லை. வழித்துணை இருந்தும் தவறான பொருளைக் கொடுத்தால் வீண் என்பதற்கு அது சாட்சி.

என்னை உறுத்துவது வேறொன்று. ஒரு குடும்பம் கரையேறிவிட்டது என்று டிக் அடிப்பது யார்? கூடவே நடந்தவரே மதிப்பெண்ணும் போட்டால், கெடு நெருங்க நெருங்க மதிப்பெண் தானாக ஏறும். தன் வேலை நன்றாக நடந்ததா என்பதும் அதே தாளில்தானே இருக்கிறது. கேரளத்தின் அறிவிப்பையும் இந்தக் கண்ணோடு படியுங்கள். முதலில் பட்டியலில் ஏறியவை 64,006 குடும்பங்கள். இறந்தவர்களையும் இருக்குமிடம் தெரியாதவர்களையும் கழித்து, மிச்சமுள்ளவர்களுக்கான பணி முடிந்ததையே ‘ஒழிப்பு’ என்கிறார்கள். வீடு வீடாக ஆவணமும் மருந்தும் கொண்டுபோய்ச் சேர்த்த அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதே மாநிலத்தில் ஏறத்தாழ 5.9 லட்சம் மிக ஏழைகளுக்கான அந்த்யோதயா ரேஷன் அட்டைகள் இருக்கின்றனவே என்று பொருளாதார அறிஞர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பட்டியல் முடிந்ததா, வறுமை முடிந்ததா?

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

உதவி பெறும் தாய் கூலிக்குப் போகலாமா? தாராளமாக, பலர் இரண்டையும் செய்கிறார்கள்.

அன்புக்கரங்கள் 2,000 ரூபாய் இதே திட்டமா? தாயுமானவரின் ஒரு பகுதியாக 2025 செப்டம்பரில் வந்தது. பெற்றோரை இழந்த குழந்தையின் படிப்புக்கும் பராமரிப்புக்கும் உதவும், பிழைப்புக்கு வழி அதில் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த வழித்துணை முறை புதிதா? முழுக்கப் புதிதல்ல, 2005இல் தொடங்கிய புது வாழ்வுத் திட்டத்தின் கிராம வறுமை ஒழிப்புச் சங்கங்களும், ஏழைகளை அடையாளம் காணும் மக்கள் நிலை ஆய்வும் பல ஊர்களுக்குப் பழக்கம்.

பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று எங்கே கேட்பது? கிராம சபையில். 5 லட்சத்தில் உங்கள் ஊராட்சிக் குடும்பங்கள் எவை, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யப்பட்டது என்று பெயர் பெயராகக் கேளுங்கள். கேட்டதையும் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள்.