வாட்ச்ல 'நார்மல்'னு வந்தா நிம்மதியா தூங்கலாமா?

இன்னிக்கு ஒரே கேள்விதான். நெஞ்சு வலிக்குது, கையில இருக்கிற ஸ்மார்ட்வாட்ச்ல ஈசிஜி எடுக்கறீங்க, 'நார்மல்'னு காட்டுது. அதை நம்பலாமா? பதிலை முதல்லயே சொல்லிடறேன்: நம்பக் கூடாது. நான் டாக்டர் இல்ல, இன்ஜினியர். ஆனா ஈசிஜியும் ஒரு சிக்னல்தானே. அதை எப்படிப் படிக்கிறாங்கன்னு பார்த்தா காரணம் புரிஞ்சிடும்.

ஒவ்வொரு துடிப்புக்கும் தாள்ல முதல்ல ஒரு சின்ன மேடு வரும், அது பி அலை. அடுத்து ஊசி மாதிரி க்யூஆர்எஸ். கடைசியா இன்னொரு மேடு, டி அலை. இந்தப் பெயர்களை வெச்ச வில்லெம் ஐந்தோவனுக்கு 1924-ல நோபல் பரிசு கிடைச்சது. ஊசிக்கும் டி அலைக்கும் நடுவுல இருக்கிற துண்டுதான் எஸ்டி. சாதாரணமா அது அடிக்கோட்டை ஒட்டியே போகும்.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு போற குழாய் முழுசா அடைச்சா, அந்தத் தசையோட மின்னழுத்தம் பக்கத்துல இருக்கிற நல்ல தசையோடதுல இருந்து மாறிடும். அதனால எஸ்டி மேல எழும்பும். அடுத்தடுத்த ரெண்டு லீட்ல 1 மில்லிமீட்டர், அதாவது ஒரு சின்னக் கட்டம் எழும்பினாலே பெரும்பாலும் டாக்டர்கள் உஷாராகிடுவாங்க. முழுசா அடைக்காம ரத்தம் பத்தாம போனா எஸ்டி கீழ இறங்கலாம், டி அலை தலைகீழாகலாம்.

இப்போ வாட்சுக்கு வருவோம். ஆஸ்பத்திரியில கை கால்ல நாலு, நெஞ்சுல ஆறுன்னு 10 இடத்துல மாட்டி, 12 கோணத்துல பார்ப்பாங்க. வாட்ச் பார்க்கிறது ஒரே ஒரு கோணம். அது சொல்ற 'நார்மல்' துடிப்போட ஒழுங்கைப் பத்தினது, அடைப்பைப் பத்தினது இல்ல. தன்னோட வாட்ச் ஹார்ட் அட்டாக்கைக் கண்டுபிடிக்காதுன்னு ஆப்பிளே எழுதி வெச்சிருக்கு.

சரி, ஆஸ்பத்திரி ஈசிஜியே நார்மலா வந்தா? அதுவும் சுமார் 10 செகண்ட் லாக்தான். எஸ்டி எழும்பாமலே வர்ற ஹார்ட் அட்டாக்கும் உண்டு. அதனாலதான் வலி நிக்கலைன்னா திரும்பத் திரும்ப ஈசிஜி எடுப்பாங்க, ரத்தத்துல ட்ரோபோனின் டெஸ்ட் பண்ணுவாங்க. "ஒரு தடவை எடுத்தாச்சே, வீட்டுக்குப் போகலாம்"னு நீங்க அவசரப்படுத்தாதீங்க.

இன்னொரு விஷயம். எந்த நோயும் இல்லாத இளைஞர்கள் சில பேருக்கு எஸ்டி எப்பவுமே கொஞ்சம் தூக்கலா இருக்கும். பழைய ஈசிஜி கையில இருந்தா டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தத் தாள் நாளாக நாளாக மங்கிடும், அதனால போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்கோங்க.

கடைசியா ஒண்ணு. நெஞ்சை அழுத்தற மாதிரி வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுறது, வேர்த்துக் கொட்டுறது, மூச்சு வாங்குறது. பெண்களுக்கும் சர்க்கரை இருக்கிறவங்களுக்கும் வலியே பெருசா இல்லாமலும் வரலாம். 'கேஸ்தான்'னு சோடா குடிச்சுட்டுப் படுக்காதீங்க. நீங்களே பைக் ஓட்டிட்டும் போகாதீங்க. 108-க்கு கூப்பிடுங்க. வாட்சை அப்புறம் பார்த்துக்கலாம்.