சட்டத்தில் வழங்கும் பழஞ்சொற்கள்



தெருவில் ஒருவன் மற்றொருவனை ‘விசரன்’ என்று ஏசினால், ஏசியவனும் கேட்டவனும் அதனைச் சில நாளில் மறந்துவிடக்கூடும். அதே கருத்துடைய சொல் சட்டப் புத்தகத்தில் இடம்பெற்றுவிட்டாலோ, அதன் விளைவு எளிதில் நீங்குவதன்று. ஒருவர் தேர்தலில் வாக்களிக்கலாமா, தமது காணியைத் தாமே விற்கலாமா, உறுதியிற் கையெழுத்திடலாமா, விருப்பத்துக்கு மாறாக வைத்தியசாலையில் வைக்கப்படலாமா என்பவற்றையெல்லாம் அந்தச் சொல்லே தீர்மானித்துவிடுகின்றது. ஆகவே, உளநோயாளரையும் அறிவு வளர்ச்சியிற் குறைபாடுடையோரையும் குறிக்கச் சட்டங்கள் ஆண்டுவந்த சொற்கள் எங்கிருந்து வந்தன, அவற்றை ஏன் மாற்றவேண்டியதாயிற்று, மாற்றும்போது எவற்றிற் கவனஞ் செலுத்தவேண்டும் என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் நன்று. உளநோய் என்பது நல்ல நிலையில் வாழ்ந்த ஒருவரை இடையில் வந்து பற்றக்கூடியது, சிகிச்சையினால் தணியக்கூடியது, தணிந்தபின் மீண்டும் வரவுங்கூடியது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்பது பிறப்பிலோ இளமையிலோ தொடங்கி வாழ்நாள் முழுவதும் நிற்பது, அது நோயன்று, தக்க பயிற்சியும் துணையும் கிடைத்தால் அக்குறைபாடுடையவர் தொழில் செய்து வாழவும் முடியும். இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது உலக வழக்கில் இன்றும் நிகழும் பிழையாகும்.

பழைய ஆங்கிலச் சட்டம் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தது. ஆனால் அது அதனை அறிந்தது காணியின் பொருட்டு. பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, அரசனுடைய உரிமைகளை வகுத்த சட்டவாசகம் ஒன்று, பிறவியிலேயே அறிவு விளங்காதவனை ‘இடியட்’ என்றும், பிறந்தபின் புத்தி கலங்கியவனை வேறொரு வகையினன் என்றும் பிரித்தது. முன்னவனுடைய நிலத்தின் வருமானத்தை, அவனுக்கு உணவும் உடையும் கொடுத்தபின், அரசன் தானே எடுத்துக்கொள்ளலாம். பின்னவனுடைய நிலத்தையோ அரசன் காத்து வைத்து, அவன் தெளிவடைந்தபோது திருப்பிக் கொடுத்தல் வேண்டும். ஒரு குடும்பத்தின் சொத்து நிலைப்பதும் அழிவதும் ஒரு சொல்லில் தங்கியிருந்தன என்பது இதனாற் புலப்படும்.

புத்தி கலங்கியவனுக்கு வழங்கிய ‘லூனற்றிக்’ என்னும் பெயர், சந்திரனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. சந்திரன் வளர்ந்து தேய்வதற்கேற்ப மனிதனுடைய புத்தியும் மாறும் என்று அக்காலத்தார் நம்பினர். நம்மவரும் பித்தம் மிகுதலாற் சித்தம் கலங்கும் எனக் கொண்டு ‘பித்து’ என்றனர். ஆயினும் தமிழில் அச்சொல் இழிவு ஒன்றையே சுமக்கவில்லை. திருவெண்ணெய்நல்லூரிலே சுந்தரமூர்த்தி நாயனார் இறைவனையே பித்தன் என்று விளித்துப் பாடத் தொடங்கினார் அன்றோ! ஒரே சொல் ஓரிடத்தில் அன்பாகவும் வேறோரிடத்தில் வசையாகவும் நிற்கும். சட்டத்தில் அவ்வாறு நெகிழ்ந்து நிற்க இடமில்லை. அங்கே சொல் என்பது ஒரு வரம்பு. அதற்கு உட்பட்டவருக்கு ஒரு நீதி, புறம்பானவருக்கு வேறொரு நீதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இவ்வரம்புகள் பெருகின. இங்கிலாந்தில் 1890 ஆம் ஆண்டிற் பித்தர் சட்டமும், 1913 ஆம் ஆண்டில் உளக்குறைபாட்டுச் சட்டமும் இயற்றப்பட்டன. பின்னைய சட்டம் மக்களை ‘இடியட்’, ‘இம்பெசில்’, ‘அறிவு நலிந்தவர்’, ‘ஒழுக்கத்தில் இம்பெசில்’ என நான்கு வகுப்பாகப் பிரித்தது. இன்று வசைமொழிகளாகக் கேட்கும் இவை, அன்று வைத்தியரும் நீதிபதியும் நிதானமாக எழுதிய கலைச்சொற்களாகும். அமெரிக்க உளவியலாளர் ஹென்றி கொடார்ட் என்பவர் 1910 ஆம் ஆண்டிற் கிரேக்க மொழியிலிருந்து ‘மோறன்’ என்றொரு சொல்லைப் புதிதாக ஆக்கிக் கொடுத்தார். சில ஆண்டுகளுள் பள்ளிச் சிறுவர் ஒருவரையொருவர் ஏசுவதற்கு அது பயன்படலாயிற்று.

இத்தகைய சொற்கள் செய்த தீங்குக்கு ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவோம். ஐக்கிய அமெரிக்க நாட்டின் வேர்ஜீனியா மாநிலம், அறிவு நலிந்தவரெனக் கருதப்படுவோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதற்கு 1924 ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றியது. கெரி பக் என்னும் இளம்பெண் மணமாகாமற் கருவுற்றாள். வளர்ப்புக் குடும்பத்தின் உறவினன் ஒருவன் அவளைக் கெடுத்திருந்தான். அவளோ ‘அறிவு நலிந்தவள்’ என்னும் பெயருடன் மாநில விடுதியில் அடைக்கப்பட்டாள். அவளுக்குக் கருத்தடை செய்யலாமா என்னும் வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1927 ஆம் ஆண்டில் எட்டு நீதியரசர்கள் செய்யலாம் என்றனர்; ஒருவர் மட்டுமே உடன்படவில்லை. தாய், மகள், பேர்த்தி ஆகிய மூன்று தலைமுறையினரும் ஒரே குறையுடையவர் என்பது தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் கொண்ட முடிபு. அவ்வாண்டிலேயே சத்திரசிகிச்சை நடந்தேறியது. பிற்காலத்தில் ஆராய்ந்தோர், கெரி பக்கிடம் அத்தகைய குறை எதுவும் இருந்ததில்லை என்றும், அவளுடைய சிறுமகள் பாடசாலையிற் பாராட்டுப் பெற்ற மாணவி என்றும் எடுத்துக்காட்டினர். வேர்ஜீனியாவின் ஆளுநர் 2002 ஆம் ஆண்டில் மன்னிப்புக் கோரினார். அப்பெண் அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னரே இறந்துவிட்டாள்.

இத்தகைய சொற்களைச் சட்டம் படிப்படியாகவே கைவிட்டது. இங்கிலாந்தில் 1930 ஆம் ஆண்டின் சட்டம், பித்தர் காப்பகத்தை ‘உளநோய் வைத்தியசாலை’ எனப் பெயர் மாற்றியது. அதனோடு, நோயாளர் நீதிமன்றக் கட்டளையின்றித் தாமாகவே வந்து சிகிச்சை பெறவும் வழிசெய்தது. பெயரும் நடைமுறையும் சேர்ந்து மாறியமையே அச்சட்டத்தின் சிறப்பு. 1959 ஆம் ஆண்டின் உளநலச் சட்டம் 1890, 1913 ஆம் ஆண்டுச் சட்டங்களை ஒருங்கே நீக்கியது. ஆனால் அது புகுத்திய ‘இயல்புக்குக் கீழ்ப்பட்டவர்’ என்னுஞ் சொல்லும் விரைவில் வசையாயிற்று. 1983 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நீக்கி வேறு சொல்லை இட்டது. 2007 ஆம் ஆண்டின் திருத்தம் அந்தப் பிரிவுகளையே நீக்கிவிட்டது.

இதனைக் கேட்கும் ஒருவர், ‘எந்தப் புதுச் சொல்லும் சில காலத்திற் பழுதாகிவிடுமாயின், மாற்றி என்ன பயன்?’ என்று வினவலாம். நியாயமான வினாவே. சமூகத்தின் இகழ்ச்சி மாறாதிருக்கும்வரை, அது புதுச் சொல்லிலும் வந்து குடிபுகும் என்பது உண்மை. ஆயினும் வீதியில் வழங்கும் இகழ்ச்சியைச் சட்டம் தன் வாயாலும் சொல்லவேண்டும் என்பதில்லை. அரசாங்கம் அனுப்பும் கடிதத்திலே தன் பிள்ளை வசைமொழியாற் குறிக்கப்படுவதைக் காணும் தாய்க்கு, அச்சொல்லின் பழைய இலக்கண வரலாறு ஆறுதல் தராது.

அமெரிக்காவில் 2010 ஆம் ஆண்டில் நிறைவேறிய ‘றோசா சட்டம்’ இதற்குச் சான்றாகும். மேரிலண்ட் மாநிலத்தைச் சேர்ந்த றோசா என்னுஞ் சிறுமியின் குடும்பத்தார், பாடசாலைப் பதிவில் அவளுக்கு இடப்பட்ட ‘மந்தபுத்தி’ என்னும் பொருள்கொண்ட சொல்லை மறுத்தனர். ஒருவரை எப்பெயரால் அழைக்கிறோமோ அவ்வாறே அவரை நடத்துகிறோம் என்ற கருத்தை அவளுடைய தமையன் மாநிலச் சட்டமன்றத்தின் முன் எடுத்துரைத்தான். முதலில் மேரிலண்ட் மாநிலமும், பின்னர் நாடு முழுவதற்குமான சட்டமும் சுகாதாரம், கல்வி, தொழில் என்னும் துறைகளில் அச்சொல்லை நீக்கி, ‘அறிவுசார் இயலாமை’ என்னுஞ் சொல்லை ஏற்றன. சொல் மாறியதனால் எவருடைய உதவியும் உரிமையும் குறையவோ கூடவோ மாட்டா என்பதையும் அச்சட்டம் வெளிப்படையாக எழுதிவைத்தது. இந்த விதி இல்லையாயின், பழைய பெயரில் உதவி பெற்றவர் புதிய பெயருக்குள் அடங்குவாரோ என்ற ஐயம் எழுந்திருக்கும். 2012 ஆம் ஆண்டில் ‘லூனற்றிக்’ என்னுஞ் சொல்லும் அந்நாட்டு மத்திய சட்டங்களிலிருந்து நீக்கப்பட்டது.

சொல்லை மாற்றுவதில் அவசரப்பட்டால் நேரக்கூடிய இடரை அண்மையில் இந்தியா கண்டது. குற்றம் புரிந்த வேளையிற் ‘சித்த சுவாதீனம்’ இன்மையால் தன் செயலின் தன்மையை அறிய இயலாதிருந்தவனைத் தண்டியாதிருப்பது பழைய தண்டனைச் சட்டக்கோவையின் விதி. 2023 ஆம் ஆண்டிற் புதிய சட்டக்கோவைக்கான முதல் வரைவு, அவ்விடத்தில் ‘உளநோய்’ என்ற சொல்லை இட்டது. கேட்பதற்கு அது நாகரிகமான சொல். ஆனால் உளநோய் என்பது மிக விரிந்த பொருளுடையது. சாதாரண மனச்சோர்வும் அதனுள் அடங்கக்கூடும். பாராளுமன்றக் குழு இதனைச் சுட்டிக்காட்டியபின், அவ்விடத்திற்குப் பழைய சொல்லே திரும்பிவந்தது. இழிவை நீக்கும் முயற்சி, பொறுப்பின் எல்லையை மாற்றிவிடலாகாது என்பது இதனாற் கிடைக்கும் படிப்பினை. அதே நாட்டின் 2017 ஆம் ஆண்டு உளநலப் பராமரிப்புச் சட்டம் மற்றொரு நல்ல விதியை வகுத்துள்ளது. ஒருவருக்கு உளநோய் உண்டெனக் கண்ட மாத்திரத்தில், நீதிமன்றம் தீர்மானித்தாலன்றி, அவர் சித்த சுவாதீனமற்றவர் எனக் கொள்ளலாகாது என்பதே அது.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். ஆங்கிலேயர் ஆட்சியில் 1873 ஆம் ஆண்டு முதலாம் இலக்கமாகப் பித்தர் கட்டளைச்சட்டம் பிறந்தது. பிற்காலத்தில் அது உளநோய்கள் கட்டளைச்சட்டம் எனப் பெயர் பெற்றது. 1956 ஆம் ஆண்டிலும் திருத்தப்பட்டது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 77 ஆம் பிரிவு, சித்த சுவாதீனமின்மையைக் குற்றப் பொறுப்பிலிருந்து விலக்கும் காரணமாக ஏற்கின்றது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 89 ஆம் உறுப்புரையோ, சட்டப்படி சித்த சுவாதீனமற்றவரெனக் காணப்பட்டவருக்கு வாக்குரிமை இல்லை என்கின்றது. முன்னையது நோயாளரைக் காப்பது. பின்னையது அவரை விலக்குவது. இரண்டுக்கும் ஒரே சொல் பயன்படுவதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

அங்கொடை வைத்தியசாலை இந்நூற்றாண்டில் தேசிய உளநல நிறுவகம் எனப் பெயர் பெற்றது. ஆயினும் ‘அங்கொடைக்கு அனுப்பவேண்டும்’ என்று வேடிக்கையாகச் சொல்லும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. நோயின் முதற் குறி தோன்றும்போதே வைத்தியரிடம் செல்லவேண்டியவர், அந்த வேடிக்கைக்கு அஞ்சி மாதக்கணக்கில் வீட்டில் மறைந்திருக்கிறார். சொல் செய்யுந் தீங்கு நீதிமன்றத்தோடு நின்றுவிடுவதில்லை.

உடல், உளம், அறிவு, புலன் ஆகியவற்றில் நீடித்த குறைபாடுடையோரின் உரிமைகளை ஐக்கிய நாடுகள் சபை 2006 ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கையாக வகுத்தது. அதில் 2007 ஆம் ஆண்டிற் கையொப்பமிட்ட இலங்கை, 2016 ஆம் ஆண்டில் அதனை ஏற்று உறுதிசெய்தது. அவ்வுடன்படிக்கையின் 12 ஆம் உறுப்புரை, இத்தகையோரும் ஏனையோரைப் போலவே சட்டத்தின் முன் தகுதியுடையோர் என்றும், அத்தகுதியைப் பயன்படுத்த அவர்களுக்கு வேண்டிய துணையை அரசு அளித்தல் வேண்டும் என்றும் கூறுகின்றது. ‘இவர் யார்?’ என்று கேட்டுப் பெயர் சூட்டிய பழைய சட்டத்தின் நோக்கு இதனால் மாறுகின்றது. ‘இவருக்கு எந்தத் துணை வேண்டும்?’ என்பதே புதிய வினா.

இங்கிலாந்தின் 2005 ஆம் ஆண்டு உளத் தகைமைச் சட்டமும் இவ்வழியிற் செல்வது. வளர்ந்தவர் எவரும், மாறாக நிறுவப்படும்வரை, தகைமையுடையவரே என்று அது தொடங்குகின்றது. தகைமை என்பது ஒவ்வொரு தீர்மானத்துக்கும் தனித்தனியே பார்க்கப்படுவது. வயலை ஈடுவைக்கும் கணக்கை விளங்கிக்கொள்ள இயலாத ஒருவர், தாம் யாருடன் வாழவேண்டும் என்பதைத் தெளிவாக அறிந்திருக்கலாம். ஒரு பெயரை அவர்மேல் ஒட்டிவிட்டால், இரண்டாவது உரிமையும் முதலாவதுடன் சேர்ந்து பறிபோகும்.

ஆகவே சட்டச் சொற்களைத் திருத்துவோர் மூன்று செய்திகளை மறவாதிருத்தல் வேண்டும். முதலாவது, இகழ்ச்சி தரும் பெயரை நீக்கி, ஆளை முன்னும் குறையைப் பின்னும் வைத்துச் சொல்லுதல். ‘பித்தர்’ என்பதற்குப் பதிலாக ‘உளநோயுள்ள ஒருவர்’ எனல் வேண்டும். இரண்டாவது, வெவ்வேறு சட்டங்களில் ஒரே சொல் செய்யும் வெவ்வேறு வேலைகளைப் பிரித்தறிந்து, எவருடைய பாதுகாப்பும் உதவியும் கெடாதபடி எழுதுதல். மூன்றாவது, சொல்லுக்குப் பின்னால் நிற்கும் நடைமுறையையும் உடன் திருத்துதல். மூன்றாவது இல்லாவிடின் முன்னிரண்டும் பழைய வீட்டுக்குப் பூசிய சுண்ணாம்பாகவே முடியும்.

தமிழிற் சட்டம் எழுதுவோருக்கு மேலும் ஒரு கடமை உண்டு. ஆங்கில மூலம் திருந்தும்போது தமிழ் வாசகமும் உடன் திருந்தவேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்றத்துக்குச் செல்லும் பொதுமகனுக்கு அவன் கையிற் கிடைக்கும் தமிழ்த்தாளே சட்டம். அதில் தன் மகனையோ சகோதரியையோ குறிக்கும் சொல்லை, வீட்டிலுள்ளோர் முன்னிலையில் அவன் கூசாமல் உரத்து வாசிக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும்.