வாடையோடு வரும் வெள்ளைக் காக்கைகள்

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வாடைக் காற்று வீசத் தொடங்கும்போது எமது வடகரைக்கு வெள்ளை விருந்தாளிகள் வந்து சேர்கின்றன. தெல்லிப்பழைச் சந்தியிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே சைக்கிள் மிதித்தால் அரை மணித்தியாலத்தில் கடலைக் காணலாம். கீரிமலை முதல் மயிலிட்டி வரையான இக்கரையில் வள்ளங்கள் திரும்பும் வேளையில் தலைக்கு மேல் சுழன்று கத்தும் பறவைகள் இவை. கடற்காகம் என்பாரும் உளர், கடற்புறா என்பாரும் உளர். காக்கை என்ற பெயரே பழையது போலும். ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில் அம்மூவனார் பாடிய பத்துப் பாடல்களுக்கு 'சிறுவெண்காக்கைப் பத்து' என்றே பெயர். குணத்திலும் இவை காக்கைக்கு உறவுதான். எதையும் தின்னும், எங்கும் களவெடுக்கும், எவருக்கும் முற்றாகப் பயப்படாது.

எம்மவரிற் பலர் கடற்காகத்தையும் ஆலாவையும் ஒன்றாகவே எண்ணுகின்றனர். ஆலா மெலிந்தது, கூரிய சொண்டுடையது. பெரும்பாலானவற்றின் வால் பிளவுபட்டிருக்கும். மேலிருந்து தலைகீழாகப் பாய்ந்து மீனைக் கௌவிக்கொண்டு எழும். கடற்காகம் பருத்த உடலுடையது. தாராவைப் போல நீரில் அமர்ந்து மிதக்கும். மேற்பரப்பில் கிடப்பதைப் பொறுக்குமேயன்றி ஆழத்துக்குப் பாய்வதில்லை. தொழிலாளருக்கு இந்த வேறுபாடு நன்கு தெரியும். ஆலாக்கள் ஓரிடத்தில் விழுந்து விழுந்து எழுந்தால் கீழே சூடையோ நெத்தலியோ திரண்டிருக்கிறது, அதனைச் சூரையோ பாரையோ அடியிலிருந்து துரத்துகிறது என்று கணக்கிட்டு வள்ளத்தைத் திருப்புவர். கடற்காகக் கூட்டத்தை நம்பி அப்படித் திருப்புவது அவ்வளவு புத்தியல்ல. அது இன்னொரு வள்ளத்தின் கழிவைச் சுற்றியும் பறந்துகொண்டிருக்கலாம்.

எமது கரைக்கு வருபவற்றில் மிகுதியானது கபிலத்தலைக் கடற்காகம். இது குஞ்சு பொரிப்பது திபெத், லடாக் போன்ற உயர்ந்த மேட்டுநிலங்களின் ஏரிக்கரைகளில். இமயத்துக்கு அப்பால், மூவாயிரம் மீற்றருக்கும் மேலான உயரத்தில் பிறந்த பறவையே எங்கள் கடல்மட்டத்தில் வந்து மீன் குடல் தின்கிறது. உருவிற் பெரிதான, கருஞ்சாம்பல் முதுகும் மஞ்சட் சொண்டும் கொண்ட ஹியூக்ளின் கடற்காகம் ரஷ்யாவின் வடகோடியிலிருந்து வருகிறது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் இவற்றுக்குச் சிறு கருவியைப் பொருத்திச் செய்மதி வழியே பின்தொடர்ந்தனர். 2021இல் ஒன்று ரஷ்யாவின் யமால் குடாநாடு வரை சென்றது தெரியவந்தது. நேர்கோட்டில் அளந்தாலே ஒரு வழிக்கு ஏறத்தாழ 7,000 கிலோ மீற்றர்.

இலங்கையில் எந்தக் கடற்காகமும் கூடு கட்டுவதில்லை. ஆதலால் அதன் முட்டையையோ குஞ்சையோ இங்கு எவரும் கண்டிருக்க முடியாது. வெள்ளைக் கூட்டத்தின் நடுவே காணும் அழுக்குக் கபில நிறத்தன வேறு இனமுமல்ல, குஞ்சுகளுமல்ல. முழு நிறம் பெறாத இளம் பறவைகள். பெரிய இனங்களுக்கு முழு நிறம் வர நான்கு வருடமளவில் ஆகும். அவற்றின் மஞ்சட் சொண்டின் கீழ்ப்பாகத்தில் ஒரு சிவப்புப் பொட்டு உண்டு. குஞ்சு அப்பொட்டைக் கொத்தினால்தான் தாய் இரையைக் கக்கிக் கொடுக்கும். இதனை ஆராய்ந்து புகழ்பெற்ற ஒல்லாந்து அறிஞர் நிக்கோ ரின்பேர்கன், விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கடல்நீரைக் குடித்து எவ்வாறு உயிர் வாழ்கின்றன என்று கேட்கலாம். கண்களுக்கு மேலுள்ள சுரப்பிகள் இரத்தத்திலுள்ள மிகை உப்பைப் பிரித்தெடுத்து மூக்குத் துவாரத்தால் வெளியேற்றுகின்றன. சொண்டு நுனியில் துளி தொங்க, பறவை தலையை உதறுவதை உற்றுநோக்கினால் காணலாம். ஈரமணலில் நின்ற இடத்திலேயே கால்களை மாறி மாறி மிதிக்கும் பழக்கமும் இவ்வினத்தில் உண்டு. மண்ணுள் இருக்கும் புழுக்கள் மேலே வருவதற்கான உபாயம் அது. மட்டியை உயரத் தூக்கிச் சென்று பாறையிற் போட்டு உடைப்பனவும் உள. ஆனால் உழைப்பைவிடப் பறிப்பதே இலகு என்பதைக் கடற்காகம் அறியும். ஆலா மீனோடு எழும்போது துரத்தித் துரத்தி அதனைக் கைவிடச் செய்து, விழுவதற்குள் கௌவிக்கொள்ளும்.

இவ்வளவு சாமர்த்தியமுள்ள பறவை எங்கே கூடும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நாமே. வடக்கின் முதன்மையான மீன்பிடித் துறைகளில் ஒன்றான மயிலிட்டி 1990 யூனில் மக்கள் இடம்பெயர்ந்தபின் 27 வருடங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் கிடந்து, 2017 யூலையில் விடுவிக்கப்பட்டது. அதன் அருகேயே பலாலி. அங்கு 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. இடையில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. மீன் கழிவும் குப்பையும் திறந்த வெளியில் கிடந்தால் பறவைகள் கூடும். பறவைகள் கூடுமிடத்துக்கு மேலாக விமானம் தாழப் பறப்பது ஆபத்தானது. 2019 ஆகஸ்ட் 15ஆம் திகதி மொஸ்கோவுக்கு அருகே, 233 பேருடன் கிளம்பிய விமானமொன்றின் இரு இயந்திரங்களுக்குள்ளும் கடற்காகங்கள் அகப்பட்டன. விமானி அதனைச் சோளத் தோட்டத்தில் இறக்கி அனைவரையும் உயிருடன் காத்தார். எல்லா விமானிகளுக்கும் எல்லா நாளும் சோளத் தோட்டம் வாய்க்காது.

பறவைகளை வெடி வைத்துத் துரத்துவதைவிட இரையை அகற்றுவதே சரியான வழி. அக்கழிவு தோட்டக்காரருக்குப் பசளையுமாகும். குடல், செதிள், தலை ஆகியவற்றில் நைதரசனும் பொசுபரசும் நிறைய உண்டு. கிணற்றுக்குத் தூரமாகக் குழி வெட்டி, கழிவின் மேல் உலர்ந்த சருகும் சாணமும் பரப்பி, நாய் கிளறாதபடி செம்மண்ணால் ஒரு முழத்துக்குக் குறையாமல் மூடிச் சில மாதம் விட்டால், வாழைக்கும் தென்னைக்கும் இடலாம். வலிகாமம் வடக்கில் கடலும் தோட்டமும் சில மைல்களுக்குள் இருந்தும், ஒருவரின் கழிவு மற்றவரின் பசளையாவது இன்னும் அரிதாகவே இருப்பது வியப்புத்தான். கருவாட்டையும் மணலில் பரப்பாது, வலையால் மூடிய பரணில் காயவிட்டால் காகத்துக்கும் கடற்காகத்துக்கும் வரி கட்டத் தேவையில்லை; மண்ணும் ஒட்டாது.

வேறிரு சங்கதிகளையும் சொல்லவேண்டும். கரையில் எறியும் தங்கூசித் துண்டு பறவையின் காலிலும் சொண்டிலும் சுற்றி, நாட்கணக்கில் பட்டினி போட்டே கொல்லும். வீட்டுக்குக் கொண்டுவந்து எரிப்பதும் நன்றல்ல. ஒரு சாக்கில் சேர்த்துக் கழிவு சேகரிப்போரிடம் கொடுக்கலாம். அடுத்தது, கரையொதுங்கிய இறந்த பறவையை வெறுங்கையால் தொடக்கூடாது. 2005இல் சீனாவின் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கான பறவைகள் மடிந்தபோது, அவற்றுள் எமது கபிலத்தலைக் கடற்காகமும் இருந்தது. பல பறவைகள் ஒருமிக்க இறந்து கிடந்தால் கிராம அலுவலருக்கோ மிருக வைத்தியருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்.

பிள்ளைகள் பார்ப்பதற்கு நல்ல காலம் மார்ச் மாதம். குளிர்காலம் முழுவதும் கபிலத்தலைக் கடற்காகத்தின் தலை வெள்ளையாகவே இருக்கும். கண்ணுக்குப் பின்னே ஒரு கரும்பொட்டு மட்டுமே தெரியும். புறப்படும் நாள் நெருங்கும்போது ஒவ்வொன்றாகக் கபில முகமூடி அணிந்துகொள்ளும். ஒரே கூட்டத்தில் முழுக் கபிலம், அரைக் கபிலம், வெள்ளை என எத்தனை என்று எண்ணிக் கொப்பியில் குறித்துவரச் சொல்லலாம். சோளகம் எழுமுன்பே பெரும்பாலானவை வடக்கே போய்விடும்.