காரணமின்றி அலறும் கார்

தீபாவளி இரவில் ஒரு வெடி அதிர்ந்ததும், தெருவில் நிற்கும் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலறுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அதன் காரணம் தெரியுமாதலால் கவலை கொள்வதில்லை. ஆனால், மழை ஓய்ந்த நள்ளிரவில், அருகில் எவரும் இல்லாதபோது நம் கார் மட்டும் அலறினால்? சலிப்புற்றுச் சைரனின் இணைப்பையே துண்டித்துவிடுவோர் பலர். அது தீர்வன்று.

முதலில் ஒலியை நிறுத்துவோம். ரிமோட்டில் கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். பயனில்லையெனில், சாவியால் கதவைத் திறந்து எஞ்சினை இயக்கினால் பெரும்பாலான கார்களில் ஒலி அடங்கும். பின்னர், செலவில்லாச் சோதனைகளிலிருந்து தொடங்கிக் காரணத்தைத் தேடுவோம்.

கதவுகளும் பானெட்டும்: இவை மூடியுள்ளனவா என்பதைச் சிறு சுவிட்சுகளே கருவிக்கு அறிவிக்கின்றன. மழைக்காலத்தில் ஈரமும் துருவும் சேற்றுத் தூசியும் படிந்தால், மூடிய பானெட்டும் திறந்ததாகவே கருவிக்குத் தோன்றும். அனைத்தையும் அழுத்தி மூடி, சுவிட்சைத் துடைத்துப் பார்க்கலாம்.

கண்ணாடிகள்: உள்ளே அசைவை உணரும் சென்சார் உள்ள கார்களில், சற்றே திறந்த ஜன்னல் வழியே புகும் காற்றோ பூச்சியோ போதும்.

பேட்டரி: எஞ்சின் சில மணி நேரம் ஓய்ந்தபின் அளந்தால், நிறைந்த பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் என்பது பாதியளவே. மின்னழுத்தம் தாழும்போது, எவரோ இணைப்பைத் துண்டிப்பதாகக் கருதிக் கருவி அலறக்கூடும். ரிமோட்டின் சிறு பேட்டரியையும் மாற்றிப் பார்ப்பது நன்று.

அதிர்வு சென்சார்: கனரக வாகனம் கடக்கும்போதெல்லாம் அலறினால், அதன் உணர்திறனை மெக்கானிக்கிடம் குறைக்கச் சொல்லலாம்.

வயர்கள்: எஞ்சின் பகுதியில் எலி கடித்த தடமோ, பின்னர் பொருத்திய கருவியின் தளர்ந்த இணைப்போ தென்பட்டால், சேவை மையத்தை நாடுவதே முறை.

அலறிய நேரத்தையும் சூழலையும் குறித்துவைத்தால் மெக்கானிக்கின் வேலை எளிதாகும்.

துண்டிப்பது ஏன் தவறு? திருட்டுத் தடுப்புக் கருவிக்காகக் காப்பீட்டுப் பிரீமியத்தில் தள்ளுபடி பெற்றிருந்தால், அதை இயங்கும் நிலையில் வைத்திருப்பது நம் பொறுப்பு. இல்லையேல் இழப்பீடு கோருகையில் கேள்விகள் எழக்கூடும். கடனில் வாங்கிய கார் களவுபோனாலும் தவணைகள் நிற்பதில்லை. காப்பீட்டுத் தொகை முதலில் கடன் கணக்கிற்கே செல்லும். நிலுவை அதனினும் மிகுந்திருந்தால் எஞ்சியதை நாமே செலுத்த வேண்டும்.

பழுதைச் சரிசெய்யாமல் விடுவதும் ஆபத்தே. அடிக்கடி அலறும் காரை அண்டை வீட்டார் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிடுவர். உண்மையிலேயே திருடன் வரும் நாளில், அந்த அலட்சியமே அவனுக்குத் துணையாகும்.